என் மகளுக்குச் சவரிமுத்து அடித்த மணி

தூத்துக்குடியில் பருத்தி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. ஊரிலிருந்து வந்த வண்டிக்காரர் மாட்டைக்கூட அவிழ்க்கவில்லை. "அண்ணாச்சி, கோயில்பிள்ளை போயிட்டாரு. நேத்தே அடக்கம் பண்ணியாச்சு" என்றார். கடைசியாக முகம் பார்க்கக்கூட நான் கொடுத்துவைக்கவில்லை.

கோயில்பிள்ளை சவரிமுத்துவை உங்களுக்கெல்லாம் தெரியும். தாமிரபரணிக் கரையில் நம் மாதா கோயிலைத் திறந்து, பெருக்கி, விளக்கேற்றி, மணியடித்தவர். பாளையங்கோட்டையிலிருந்து பூசை வைக்கிற சாமியார் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் சொன்னதும், செத்தவர்களை அடக்கம் செய்ததும் இவர்தான்.

வாந்திபேதி வந்த வருஷத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். என் மகள் அந்தோனியம்மாளுக்கு நாலு வயது. காலையில் சிரித்துக்கொண்டிருந்தவள் சாயங்காலம் இல்லை. சின்னப் பிள்ளைகள் செத்தால் நம் கோயிலில் துக்கமணி அடிப்பதில்லை. பிள்ளை சம்மனசாகி, வானதூதராகி, மோட்சம் போய்விட்டது என்று திருநாள் மணிதான் அடிப்பார்கள். எனக்குத் தெரியாத வழக்கமா? ஆனாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அந்த மணி கலகலவென்று கேட்டதும் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"நிறுத்தும் வே! என் வீட்டுல எழவு விழுந்து கெடக்கு, உமக்குத் திருநாளா?"

அவர் கயிற்றை விட்டார். பிறகு பைய இழுத்து, பெரியவர்களுக்கு அடிக்கிற துக்கமணியை அடித்தார். முந்தின வாரம்தான், பேதியில் போன தம் சொந்த மகனுக்கு அதே கையால் திருநாள் மணி அடித்திருந்தார்.

அடுத்த முறை வந்த சாமியார் ஊர் முன்னால் அவரைக் கடிந்துகொண்டார். வழக்கத்தை மாற்ற நீ யார் என்று கேட்டார். சவரிமுத்து தலைகுனிந்தபடியே சொன்னார்: "பிள்ளை சம்மனசுதான் சாமி. கீழ நின்ன தகப்பன் சம்மனசு இல்லியே."

அதன் பிறகு நான் கோயில் பக்கம் போகவில்லை. எதற்கென்று போய் ஆண்டவருக்கு நன்றி சொல்ல? ஞாயிறுதோறும் முதல் மணி அடித்துவிட்டு அவர் என் வாசலுக்கு வருவார். "வாங்க அண்ணாச்சி, ஒரு நடை போய்ட்டு வருவோம்" என்பார். வாரம் தவறாமல் திட்டி அனுப்பினேன். வாரம் தவறாமல் வந்தார். கடைசியில் திட்டித் திட்டி எனக்குத்தான் அலுத்துப்போயிற்று. ஒருநாள் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே போனேன்.

அந்தப் பேதியிலேயே மனைவியும் போய்த் தனியாளாகிவிட்ட அவரை, கொழும்பிலிருந்த அவர் தம்பி அங்கே வரச்சொல்லிக் கூப்பிட்டார். "போய்ப் பிழையும் வே. இங்கன என்னத்துக்குக் கெடக்கீரு?" என்று நானே சொன்னேன்.

"போனா நல்லாத்தான் இருப்பேன். ஆனா இங்கனயே இருக்கேன்னு மாதாகிட்ட சொல்லிட்டேன்லா."

"மாதா உமக்கு என்ன செஞ்சா?"

"சொன்னது நான்தான அண்ணாச்சி."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷமும் நான் கோயிலுக்குப் போனது ஆண்டவரை நம்பி அல்ல. இந்த மனுஷனை நம்பித்தான். இப்போது அவரும் இல்லை. ஜெபம் சொல்ல உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறேன். மனம் வராவிட்டாலும் போய் நிற்கிற பழக்கம் ஒன்றுதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருக்கிறது.

போன ஞாயிறு விடிந்ததும் குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு வாசலில் நின்றேன். கூப்பிட யாரும் வரவில்லை. நானே போனேன். பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு, "ஆண்டவரே, இவரை எங்களுக்குக் கொடுத்தீரே, அதுக்கு நன்றி" என்றேன். வேறு எதற்கும் என் வாயில் நன்றி வரவில்லை.