இரண்டு கரையிலும் ஒரே அம்பு

சாலையில் கோடு போடும் அந்த மனிதரை எல்லோரும் 'நூல்பிடி' என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருடத்தில் அவர் கோடு கோணியதில்லை. கோணல் என்று வாய்தவறிச் சொன்னவர்களை அவர் லேசில் விட்டதுமில்லை. வீட்டில் கட்டில் சற்றுத் திரும்பியிருந்தாலே மனிதருக்குத் தூக்கம் வராது.

கடல் தாண்டிய பெரிய நாடு இறக்குமதி வரியை ஏற்றியதும் துறைமுகத்தில் சரக்கு தேங்கியது. அதுவரை முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பக்கத்து நாடுகள், இனி நமக்குள்ளேயே விற்று வாங்கிக்கொள்வோம் என்று அடித்துப்பிடித்து ஆற்றின்மேல் பாலம் கட்டின. நூல்பிடியின் மகள் லாரி ஓட்டுபவள்; எட்டு மாதமாக வேலையில்லாமல் வீட்டில் இருந்தாள். திறப்பு நாளில் இந்தக் கரையிலிருந்து போகும் முதல் லாரி அவளுடையது.

ஒரே ஒரு சிக்கல். இந்தக் கரையில் வண்டிகள் இடது பக்கம் ஓடும், அக்கரையில் வலது பக்கம். எங்காவது ஓரிடத்தில் பக்கம் மாறியாக வேண்டும். பொறியாளர் கொடுத்த வரைபடப்படி, நூல்பிடி பாலத்தின் தொடக்கத்திலேயே வலது பக்கம் மாற்றி அம்பு போட்டார். அவரே நின்று ரசித்த அம்பு.

ஒன்பது மணிக்கு இரு கரையிலும் ஒரே நேரத்தில் கொடியசைப்பு. அதற்குச் சற்று முன், அக்கரைக்காரன் போட்ட கோட்டில் நொட்டை சொல்லத்தான் அவர் பாலத்தில் ஏறினார். பாலம் நடுவில் மேடு. உச்சிக்குப் போனால்தான் அக்கரை தெரியும். போய்ப் பார்த்தார். அக்கரைக்காரனும் தன் முனையில் பக்கம் மாற்றியிருந்தான். இவர்கள் லாரி அவர்களுக்காக வலப்பக்கம் மாறும். அவர்கள் லாரி இவர்களுக்காக இடப்பக்கம் மாறும். எதிரெதிரே வரும்போது இரண்டும் வந்து நிற்பது ஒரே தடத்தில். நடுவே இடுப்புயரச் சுவர் வேறு, ஒதுங்க வழியில்லை.

கீழே கைதட்டல் கேட்டது. கொடியை அசைத்துவிட்டார்கள்.

போனில் பொறியாளரைக் கூப்பிட்டார். விழா மேடையில் இருப்பவர் எங்கே எடுப்பார்? மகளைக் கூப்பிட்டார். ஓட்டும்போது போனைத் தொட்டால் தோலை உரித்துவிடுவேன் என்று அவளை மிரட்டி வைத்தவரே அவர்தான். அவள் எடுக்கவில்லை.

முட்டிவலியை மறந்து கீழே ஓடினார். லாரி ஏறி வந்துகொண்டிருந்தது. தடத்தின் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தார். ஒரு முழம் இருக்கும்போது லாரி நின்றது.

"பைத்தியமாப்பா உங்களுக்கு? எல்லாரும் பாக்கறாங்க, நகருங்க!"

"முதல்ல எறங்கும்மா. அப்புறம் திட்டு."

அவள் இறங்குவதற்குள் உச்சியில் எதிர் லாரியின் முகம் தெரிந்தது, அதே தடத்தில். ஹாரன் அலறியது, பத்தடி தள்ளி அதுவும் நின்றது. அவள் பேச்சை விட்டுவிட்டு அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

இரு பக்கத்துப் பொறியாளர்களும் ஓடி வந்து வரைபடத்தை விரித்தார்கள். இரண்டிலும் கையெழுத்து, முத்திரை, எல்லாம் சரி.

"ஒரு முனையில மாறினா போதும். நீங்க அழிங்க."

"நாங்க ஏன் அழிக்கணும்?"

"அப்ப மூடி வைப்போம். கமிட்டி போட்டுப் பேசிக்கலாம்."

கமிட்டி என்றதும் மகளின் முகம் விழுந்தது. இன்னும் எத்தனை மாதமோ! நூல்பிடி கீழே போய், சுரண்டும் இரும்பை எடுத்துவந்து தன் அம்பின்மேல் குந்தினார்.

"யாரைக் கேட்டுய்யா அழிக்கிற?" என்று அவருடைய பொறியாளர் கத்தினார்.

"யாரையும் கேக்கல சார். எம்பொண்ணு வேலைக்குப் போகணும்."

பயம் அப்போதுதான் வந்து பிடித்தது போலும். இரும்பு வழுக்கிக்கொண்டே இருந்தது. மகள் லாரியைப் பின்னுக்கு இறக்கி ஓரங்கட்டிவிட்டு வந்தாள். அவர் கையிலிருந்து இரும்பை வாங்கி, மீதி அம்பைத் தானே சுரண்டினாள்.