எங்கள் வீட்டு டூ மினிட்ஸ்

எங்கள் வீட்டில் யாரும் இங்கிலீஷ் பேசுவதில்லை. ஆனால் என்னிடம் வேலை வாங்க வேண்டுமென்றால் மட்டும் அது எல்லோர் வாயிலும் சரளமாக வந்துவிடும். "ஏட்டி, டூ மினிட்ஸ் இங்கன வா" என்பார் என் மாமியார். போனால் ஒரு மூட்டை உளுந்து புடைக்கக் காத்திருக்கும். "ஃப்ரீ டைம்ல இந்தச் சட்டைக்குப் பட்டன் வச்சுரு" என்பார் என் வீட்டுக்காரர். எனக்கு ஃப்ரீ டைம் எப்போது வருகிறது என்று அவர் இதுவரை சொன்னதில்லை. சட்டை மட்டும் விடிந்ததும் தயாராக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி "ஜஸ்ட் ஒன் செகண்ட் மதினி" என்று கைப்பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு ரேஷன் கடைக்குப் போவாள். வரிசையில் நின்று, பாமாயில் வாங்கி, வழியில் நாலு பேரிடம் பேசிவிட்டு வருவாள்.

இதையே தமிழில் கேட்டால் கேட்பது என்னவென்று தெரிந்துபோகும். 'உன் மத்தியானத்தை எனக்குக் கொடு' என்று முகத்தைப் பார்த்துக் கேட்க யாருக்கும் நா எழாது. 'ரெண்டு நிமிஷம்' என்று சொன்னால்கூட யாராவது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிடுவார்கள். டூ மினிட்ஸ் என்றால் யாரும் பார்ப்பதில்லை.

எனக்கு இங்கிலீஷ் மேல் கோபமில்லை. டைம், லேட், லீவு எல்லாம் விவரம் தெரிந்த நாளிலிருந்து என் வாயிலும் இருப்பவைதான். லேட் என்ற சொல்லைப் பிடுங்கிக்கொண்டால் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஒருவராலும் வாய் திறக்க முடியாது. என் கோபம், அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு என் நேரத்தைச் சும்மா எடுத்துக்கொண்டு போகிறவர்கள் மேல்தான். அந்தக் கோபத்தை நான் இன்னும் விடவில்லை, விடுகிற எண்ணமும் இல்லை.

இதில் என்னைத் தைத்த சொல் ஒன்று உண்டு. டைம் பாஸ்.

நான் வீட்டில் தையல் வேலை பார்க்கிறேன். புதியம்புத்தூரில் ரெடிமேட் கம்பெனிகள் நிறைய. அதில் ஒன்றிலிருந்து வெட்டிய துணியைக் கட்டுக் கட்டாக வேனில் கொண்டுவந்து வழியோர ஊர்களில் வீடு வீடாகப் போடுவார்கள். எனக்கு வருவது சின்னப் பிள்ளைகளுக்கான கவுன். தைத்து, பிசிறு வெட்டி, எண்ணிக் கட்டி வைத்தால் அடுத்த நடையில் வேன் வந்து அதை எடுத்துக்கொண்டு புதுக் கட்டைப் போடும். கட்டு தயாராக இல்லையென்றால் புதுக் கட்டு வேறு வீட்டுக்குப் போய்விடும். அடுப்பு வேலை, மாட்டு வேலை எல்லாம் முடித்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தேனென்றால் முழங்கால் இரண்டும் கெஞ்சும். காலால் மிதிக்கிற பழைய மெஷின் அது. வீட்டுக்கு வருகிறவர்கள் 'என்ன செய்யுதா?' என்று கேட்டால் என் மாமியார் சொல்வார்: "சும்மா டைம் பாஸுக்குத் தைக்கா."

டைம் பாஸ் என்றால் பஸ்ஸில் கடலை கொறிப்பது. அதைச் சொல்லித்தான் ஜன்னலுக்கு ஜன்னல் விற்கிறார்கள். என் பிள்ளைகளின் ஸ்கூல் யூனிஃபார்மிலிருந்து வீட்டு மிக்ஸி வரை அந்த மெஷினிலிருந்து வந்தது. அது டைம் பாஸ். கோவில்பட்டி ஹார்டுவேர் கடையில் என் வீட்டுக்காரர் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஆணி நிறுத்துப் போடுவது மட்டும் டூட்டி டைம்.

போன வருஷம் தீபாவளி சீசன் தொடங்கியபோது வேன் ஓட்டும் அண்ணாச்சி ஒரு சேதி கொண்டுவந்தார். சீசன் முடிகிறவரை ஒரு நடைகூடத் தவறாமல் கட்டுக் கொடுக்கிறவர்கள் வீட்டில் கம்பெனியே பவர் மெஷின் இறக்குமாம். கரண்டில் ஓடுகிற மெஷின். கால் வலி போகும், வேலை வேகமாக நடக்கும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் எனக்கு அது வேண்டுமென்று பட்டதற்கு முதல் காரணம் வேறு. கம்பெனி நம்பி இறக்கிய மெஷினைப் பார்த்து யாரும் டைம் பாஸ் என்று சொல்ல முடியாது. அன்றிலிருந்து நான் ஒரு நடையும் விடவில்லை. காய்ச்சலிலும் தைத்தேன், மாமனார் திவசத்தன்றும் தைத்தேன்.

கடைசி நடை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று பார்த்து என் வீட்டுக்காரரின் சொந்தத்தில் கல்யாணப் பத்திரிகை வைக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். நான் கடைசிக் கவுனுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். கிழக்கே வானம் கருத்துக்கொண்டு நின்றது. எங்கள் ஊருக்கும் தார்ரோட்டுக்கும் நடுவே கரிசல் மண்பாதை. வெயிலில் கல்லாகக் கிடக்கும். நல்ல மழை விழுந்துவிட்டால் டயரைப் பிடித்துக்கொண்டு விடாது. அதனால் மேகம் தெரிந்தால் வேன் ஊருக்குள் நிற்காது.

"ஏட்டி, எல்லாருக்கும் காபி போடு, டூ மினிட்ஸ் வேலை" என்றார் மாமியார்.

கொக்கியை வைத்து முடித்து, பாலை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கட்டைக் கட்டத் தொடங்கினேன். தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டது. முடிச்சுப் போட வேண்டியது மட்டும்தான் பாக்கி. வாசலில் நின்ற வீட்டுக்காரரிடம், "கட்டிட்டே இருக்கேன், இந்தா வாரேன்னு அண்ணாச்சிட்ட சொல்லுங்க" என்றேன். அவர் அங்கிருந்தபடியே கையை ஆட்டி, "டூ மினிட்ஸ் அண்ணாச்சி, ஆன் தி வே!" என்று சத்தம் கொடுத்தார்.

கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் தெருமுனைக்குப் போனபோது வேன் கண்மாய்க் கரையைத் தாண்டியிருந்தது. போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

திரும்பி வந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. "போயிட்டாரா? விடு, நெக்ஸ்ட் டைம் பாத்துக்கலாம்" என்றார். மாமியார், "நம்ம டைம் சரியில்ல" என்றார். வந்தவர்கள் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு காபி வரும் என்று உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு சீசன் முழுக்க நான் மிதித்த மிதி அவர்கள் வாயில் நெக்ஸ்ட் டைம் என்று முடிந்துபோயிற்று.

நான் அடுப்பை அணைத்தேன். மாட்டுத் தொழுவில் கிடந்த உரச்சாக்கை மடித்து, மழைக்குத் தலையில் கொங்காணியாகப் போட்டேன். கட்டைத் தார்ப்பாய்த் துண்டில் சுருட்டித் தூக்கினேன்.

"எங்க போற? ஆளுக வந்திருக்காவ, காபி?" என்றார் வீட்டுக்காரர்.

"நெக்ஸ்ட் டைம்" என்றேன்.

தூறலாக ஆரம்பித்து, கொஞ்ச தூரத்திலேயே மழையாகப் பிடித்துக்கொண்டது. பாதியில் செருப்பு இரண்டும் மண்ணோடு போயிற்று, அவற்றைப் பிடுங்கி எடுக்க நான் நிற்கவில்லை. உளுந்துக்காட்டு வரப்பில் ஏறி, சீலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். பார்த்தவர்கள் பார்க்கட்டும் என்றுதான் ஓடினேன். தார்ரோட்டு டீக்கடையில் எல்லா ஊர்க் கட்டுகளையும் சேர்த்து மூடிக் கயிறு போட்ட பிறகுதான் அண்ணாச்சி கிளம்புவார் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு நம்பிக்கைதான்.

அங்கேதான் நின்றார். வேன் மேலே ஏறிக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார். என் கோலத்தைப் பார்த்துப் பதறிப்போய்க் கீழே இறங்கினார்.

"ஏன் அண்ணாச்சி நிக்காம வந்துட்டீங்க?" மூச்சு வாங்கியது எனக்கு.

"உங்க வீட்டுக்காரரு டூ மினிட்ஸுன்னாருல்லா? அது அரை மணி நேரம். அதோட ஆன் தி வேன்னு வேற சொன்னாரு. அப்படின்னா நீ இன்னும் தைக்கவே உக்காரலன்னு நெனச்சேன். மழை பிடிச்சா வண்டி கரிசல்லல்லா மாட்டிக்கிடும் தங்கச்சி. 'கட்டுதா, வந்துருவா'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நின்னிருப்பேன்."

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் பக்கத்து ஆள் யாராக இருந்தாலும் அதே கணக்கைத்தான் போட்டிருப்பார்கள். நானே போட்டிருப்பேன். என் வீட்டுக்காரர் வேண்டுமென்று செய்யவுமில்லை. என்னிடம் எப்போதும் சொல்கிற சொல்லை அன்றைக்கு எனக்காகச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

அண்ணாச்சி கட்டைப் பிரித்துப் பார்த்தார். ஒரு கவுன்கூட நனையவில்லை. கயிற்றை அவிழ்த்து உள்ளே வைத்துவிட்டு, "ஒரு நடையும் விடலன்னு கம்பெனியில சொல்லுதேன்" என்றார். எனக்கு அழுகை வந்தது. மழையில் யாருக்குத் தெரியப்போகிறது என்று அழுதுகொண்டேன்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ சொன்னேன். எங்கள் ஊரில் அந்தப் பெஞ்சில் பொம்பளைகள் உட்காருவதில்லை. அன்றைக்கு நான் உட்கார்ந்தேன். டீ வருவதற்குள் போன் அடித்தது, வீட்டுக்காரர்.

"எங்கிட்டு இருக்க? இவிய கிளம்பணும்ங்காவ. எப்ப வருவ?"

"ஆன் தி வே" என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றிக் குடித்தேன்.

பொங்கலுக்கு முன்னால் பவர் மெஷின் வந்து இறங்கியது. முன்னறையில் டிவி இருந்த இடத்தில் போடச் சொன்னேன். டிவியை எங்கே வைப்பது என்று வீட்டுக்காரர் கேட்டார். ஃப்ரீ டைமில் யோசியுங்கள் என்றேன். மாமியார் இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். இப்போது யாராவது என்னைக் கேட்டு வந்தால், "உள்ள வேலையா இருக்கா, பொறவு வாங்க" என்கிறார். வேலை என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்க எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

பழக்கம் மட்டும் எங்கே போகும்? போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்படியிலிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "ஏட்டி, பசிக்கி, சோறு எப்ப?"

நான் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "டூ மினிட்ஸ்" என்றேன்.

அது எவ்வளவு நேரம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.  அவரே அரிசிப் பானையைத் திறக்கிற சத்தம் கேட்டது.