பிஸ்கோத்துக்கு இடுப்பளவு ஒன்பதரை

தையல் மிஷின் இருக்கிற வீட்டுக்குக் கதவு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். "அளவு ரவிக்கை கொண்டாந்திருக்கேன்" என்று வாசலில் குரல் கேட்கும். நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஆள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும். துணியைக் கொடுத்தோம், போனோம் என்று எவரும் போவதில்லை. நம் குழந்தை, நம் சமையல், நம் பூனை எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். வீட்டோடு தையல் பார்க்கும் சகோதரிகளே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா?

எங்கள் வீடு சூரமங்கலத்தில், ரயில்வே குடியிருப்பு வரிசையில் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு ஜங்ஷன் பார்சல் ஆபீஸில் வேலை. எனக்குக் கான்வென்ட்டில் மதர் கற்றுக்கொடுத்த தையல். எங்கள் செல்லத்துக்கு ஒன்பது மாதம். தொட்டில் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே இதை எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பயம் எலியிடம். பக்கத்தில் கூட்ஸ் ஷெட், அதில் தானிய மூட்டை, மூட்டைக்கு எலி. எலி செத்து விழுந்தால் பிளேக் என்று பேச்சு. பிளேக் என்றால் வீட்டைப் பூட்டிவிட்டு மைதானத்தில் ஓலைக் கொட்டகையில் குடியிருக்க வேண்டும். போதாதற்கு ஒருநாள் பட்டப்பகலில் ஓர் எலி தொட்டில் கயிற்றின்மேல் ரயில் வண்டி மாதிரி ஓடிற்று. மறுநாளே அவரை ஒரு பூனை கொண்டுவரச் சொன்னேன். வந்த பூனை மாரி பிஸ்கோத்து நிறம், அதனால் பெயரும் பிஸ்கோத்து. வரும்போதே எலும்பும் தோலும்தான். நாலு நாள் சோறு போட்டால் தேறிவிடும் என்று நினைத்தேன். நாலு வாரமாயிற்று. இருந்ததும் போய்விடும் போலிருந்தது.

கருவாடு

முதல் வைத்தியம் சொன்னவர் எதிர் வரிசை ரயில் எஞ்சின் ஃபயர்மேன் சம்சாரம். பையனுக்கு நிஜார் தைக்க வந்தவர், பூனையைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "பால் சோத்துல என்னங்க தேறும்? கருவாடு போடுங்க" என்று சொல்லி, தம் வீட்டிலிருந்தே நாலு துண்டு எடுத்து வந்தார். எங்கள் வீட்டில் அதுவரை கருவாடு நுழைந்ததில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்படியில் வைத்தேன்.

பிஸ்கோத்து ஓடி வந்தது. ஆவலாகக் கவ்விற்று. இரண்டு தரம் மென்று, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, அப்படியே கீழே போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துக் கத்திற்று. பசி இருக்கிறது, கண்ணிலே தெரிகிறது, தின்னத்தான் மாட்டேனென்கிறது. எனக்கு அழுகை வந்தது. ஃபயர்மேன் சம்சாரம் இடுப்பில் கை வைத்து நின்று சொன்னார்:

"ஏனுங்க, உங்க பூனையும் கான்வென்ட்டுல படிச்சதுங்களா? கரண்டி முள்ளு வெச்சாத்தான் சாப்புடுமாட்ட இருக்குது!"

அளவுப் புத்தகம்

வெள்ளிக்கிழமைதோறும் இஞ்சு டேப்பை எடுத்துப் பூனையின் இடுப்பை அளப்பேன். தையல்காரிக்கு வேறென்ன தெரியும்? அளந்ததை மறக்காமலிருக்க அளவுப் புத்தகத்திலேயே குறித்துவைத்தேன். முதல் வாரம் பத்து. நாலாவது வாரம் ஒன்பதரை.

வாழப்பாடியிலிருந்து ஓர் அம்மாள், மகள் கல்யாணத்துக்கென்று பட்டு ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தார். நல்ல ஆகிருதி. அதை வெட்ட எடுத்த அன்றைக்குக் குழந்தைக்கு லேசாய் உடம்பு சுட்டது. பூனையிடமிருந்து ஏதாவது தொற்றிக்கொண்டதோ என்று மனசு அடித்துக்கொள்ள, துணியை வெட்டிக்கொண்டிருந்தேன். (சாயந்திரம் பார்த்தால் ஈற்றில் பல் வெளுத்திருந்தது; சூடு அதற்குத்தான்.) ரவிக்கையைப் போட்டுப் பார்க்க வந்த அம்மாளுக்குக் கை முழங்கைக்கு மேலே ஏறவில்லை. புத்தகத்தைப் புரட்டினேன். ஒரே பக்கத்தில் மேலே அந்த அம்மாள், கீழே பிஸ்கோத்து. கைச்சுற்றைக் கீழ் வரியைப் பார்த்து வெட்டியிருக்கிறேன்!

மறைக்கத் தெரியாமல் உள்ளதைச் சொல்லிவிட்டேன். மிச்சத் துணியில் பட்டை வைத்து அகலப்படுத்தித் தருகிறேன் என்றேன். அந்த அம்மாள் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் அவர் பூனையைத் தூக்கித் தம் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார்.

"கல்யாணத்துல எவளாவது என்னைக் குண்டுன்னு சொல்லட்டும், என் கைக்கு அளவெடுத்தது பூனை இடுப்புலன்னு சொல்லிக்கிறேன். நீ அழாம பட்டையை வெச்சுக் குடும்மா."

பார்சல் தராசு

வீட்டுக்காரருக்கும் கவலைதான், அதை வேறு மாதிரிச் சொல்வார். "சீக்குப் பூனையைக் குழந்தை பக்கத்திலே வைத்துக்கொண்டிருக்கிறாய்" என்று இரண்டு நாள் முணுமுணுத்தவர், ஞாயிற்றுக்கிழமை அதை மூங்கில் கூடையில் போட்டு ஆபீஸுக்கு எடுத்துப்போனார். பார்சல் தராசில் நிறுத்து, கூடையைக் கழித்து, சீட்டில் எழுதி வந்தார்: நாலு ராத்தல் சொச்சம்.

"அடுத்த ஞாயிறும் நிறுப்பேன். ஏறவில்லையென்றால் கூட்ஸ் ஷெட்டுக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிடுவேன். பிறகு நீ அழக்கூடாது" என்றார். பூனை போனால் எலி வரும், பூனை இருந்தால் சீக்கு வரும் என்று இரண்டு பக்கமும் இடி வாங்குகிற மத்தளமாய் நின்றேன். அவரும் என் முகத்தைப் பார்த்து மனசு கேட்காமல், ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர் தராசின் முன்னால் நின்று சொன்னதைச் சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தார்:

"இதைப் போய்ப் பார்சல்ல போடறீங்களே சார், கவர்ல வெச்சு ஒட்டித் தபால்ல சேர்த்துடுங்க!"

பல் பார்த்தவர்

புதன்கிழமை, மல்லசமுத்திரம் பக்கத்து மாட்டுத் தரகர் ஒருவர் வந்தார். துண்டுக்கு ஓரம் அடிக்க வேண்டுமாம், நாலு துண்டு. சந்தையில் துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்துத்தானே விலை பேசுவார்கள்? ஓரம் பிரிந்து நூல் தொங்கினால் விரல் மாட்டிக்கொள்கிறதாம். நான் மிஷினில் உட்கார்ந்தேன். அவர் சுவரோரம் குந்தியிருந்து பூனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மணி, எச்சி ஒழுகுதே, வாயைத் தொறந்து பாத்தீங்களா?"

"பூனை வாயையா?"

"தீனி எடுக்காத சீவனுக்கு மொதல்ல வாயைத்தானுங்க பாக்கோணும்" என்று சொல்லிக்கொண்டே, காளைக்குப் பல் பார்க்கிற பழக்கத்தில் ஒரு கையால் பிடரியைப் பிடித்து, மறுகையின் கட்டைவிரலை வாயோரம் விட்டுத் திறந்துவிட்டார். நாக்கைத் தூக்கினார். "இங்க வாங்க."

நாக்குக்கு அடியில் ஒரு வெள்ளை நூல். நாக்கைச் சுற்றி இறுகி, சதையில் பதிந்து, இரண்டு முனையும் தொண்டைக்குள் போயிருந்தது. என் நூல்தான். யுத்தம் வந்ததிலிருந்து நூல்கண்டு கிடைக்காமல், டவுனில் நெசவாளர் வீட்டில் தறியில் மிஞ்சின பாவு நூலை வாங்கிவந்து, மிஷினில் தைக்குமுன் துணியைக் கையால் சேர்த்து ஓட்டுத்தையல் போடுவதற்கு வைத்திருக்கிறேன். அரிசிக் கஞ்சி போட்டு விறைத்த நூல். நான் பல்லால் கடித்துத் தரையில் துப்புவேன். பசித்த பூனை கஞ்சி வாசனைக்கு நக்கியிருக்கிறது.

பதறிப்போய் நூலைப் பிடித்து இழுக்கக் கை நீட்டினேன். தரகர் அதட்டினார். "இழுக்காதீங்க! உள்ளுக்கு எம்புட்டு தூரம் போயிருக்குதோ, குடலைச் சுருக்கிப்போடும். கத்தரிச்சு உடுங்க, தானா எறங்கும்." அவர் பிடித்துக்கொள்ள, சின்னக் கத்தரிக்கோலால் நான் வெட்டினேன். பூனை நாக்குத் தப்பியதே தெய்வச் செயல்.

அப்போதுதான் செல்லம் பாயை விட்டுத் தவழ்ந்து மிஷினடிக்கு வந்தாள். அதே தரை. அதே நூல் துணுக்கு. குழந்தையை வாரி எடுத்து வாயைத் திறந்து விரலை விட்டுத் துழாவினேன். நாக்கடி, கன்னத்தடி, எங்கும் ஒன்றுமில்லை. அவள் நறுக்கென்று கடித்தாள். நான் விடவில்லை, மறுபடியும் பார்த்தேன். கண்ணீர் கொட்டுகிறது, கை துழாவிக்கொண்டே இருக்கிறது. தரகர் எழுந்து வந்து, குழந்தையின் வாயைத் தாமும் எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லீங்க அம்மணி, பயப்படாதீங்க. நம்ம சாமிக்கு ரெண்டு பல்லுதான் ஆச்சு, ஏர்ல பூட்ட இன்னும் நாளு இருக்குதுங்க."

பட்டுத் துணியில் எலி

நூல் இறங்க இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் நான் என்ன தைத்தேன் என்று எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை காலை கொல்லை மணலில் அதைப் பார்த்தபோது, கான்வென்ட்டில் படித்த ஜபம், மாரியம்மனுக்கு வேண்டுதல் எல்லாம் ஒன்றாய்க் கலந்து வாயில் வந்தது. மத்தியானம் பிஸ்கோத்து ஒரு தட்டு சோற்றைத் தின்றுவிட்டு இன்னொரு தட்டு கேட்டது. ஞாயிற்றுக்கிழமைத் தராசில் கால் ராத்தல் ஏறியிருந்தது. அவர் சீட்டைக் காட்டிவிட்டு, கூட்ஸ் ஷெட் பேச்சை எடுக்காமல் குளிக்கப் போய்விட்டார்.

பத்து நாள் கழித்து, மேல் வரிசையிலிருந்து ஒரு ரயில் கார்டு வீட்டம்மாள் பட்டுத் துணி கொண்டுவந்தார். பேசியபடியே பாயில் விரித்தார். எங்கிருந்தோ வந்த பிஸ்கோத்து, ஒரு கொழுத்த எலியை அதன்மேல் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து முகம் கழுவ ஆரம்பித்தது. நான் செத்தேன் என்று நினைத்தேன். இடுக்கியைத் தேடி ஓடினேன். கார்டு வீட்டம்மாள் குனிந்து எலியை உற்றுப் பார்த்தார்.

"இருடியம்மா, இது எங்க வீட்டு எலி! அரை வாலைப் பாரு, மீதி வால் எங்க கதவிடுக்குல போச்சு. துணியைத் தோய்ச்சுக்கலாம், பூனைக்கு நாளையிலேருந்து எங்க வீட்டுப் பால்."

இப்போது நூலைப் பல்லால் கடிப்பதில்லை. ஒவ்வொரு துணுக்கையும் டப்பாவில் போட்டு மூடுகிறேன். விளக்கேற்றினதும் உள்ளங்கையால் தரை முழுவதும் தடவிப் பார்க்கிறேன். பூனையின் வாயைத் திறந்தவர் அன்றைக்கு என் கண்ணைத் திறக்காமல் போயிருந்தால் என்று நினைத்தால் இன்றும் கை நின்றுவிடுகிறது. அந்தத் தரகருக்கு நாலு துண்டுக்கும் இரட்டை ஓரம் அடித்துக் கொடுத்தேன். வேறு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஆக, சகோதரிகளே, பூனைக்கு இடுப்பு பதினொன்றாகிவிட்டது, குழந்தைக்கு நாலு பல் முளைத்துவிட்டது, என் பயம் மாத்திரம் எத்தனை வைத்தியம் செய்தும் இளைக்க மாட்டேனென்கிறது.