மச்சான் கொண்டுவந்த கரண்ட் அடுப்பு

என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை போல இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் மனைவிக்கு ஓயாத இருமல். விறகுப் புகை இனி ஆகவே ஆகாது, மூச்சு அடைத்துவிடும் என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார். அதைக் கேட்டு அவள் தம்பி ஆலங்காயத்திலிருந்து ஒரு கரண்ட் அடுப்பும், பளபளவென்று மூன்று அலுமினியப் பாத்திரங்களும் கொண்டுவந்தான். பட்டம் படித்தவன். பெட்டிக்குள் இருந்த சின்னப் புத்தகத்தைப் பிரிக்காமலே ஜன்னலில் செருகினான்.

பாத்திரத்தை வைத்தான். அடுப்பு கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. மூன்றையும் மாற்றி மாற்றி வைத்தான். அதே கத்தல்.

"மலைமேல கரண்ட்டு வீக்கு மாமா. அடுப்பு இன்னா பண்ணும்?" என்றான்.

அவன் தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நான் அதை அண்ணாந்து பார்த்தேன். அவள் திரும்பவும் விறகடுப்பின் முன் உட்கார்ந்து இருமினாள்.

அவன் போன பிறகு புத்தகத்தை எடுத்தேன். படிக்க எழுத்துக் கூட்ட வேண்டும். படத்துக்கு அது வேண்டாம். பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டியிருப்பது போல் படம். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றி வீட்டிலிருந்த எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்தேன். பட்டதாரியின் மூன்றிலிருந்தும் நழுவி விழுந்தது. இரும்புச் சட்டியில் ஒட்டியது. ஆனால் அதன் அடி உருண்டை, அடுப்பின் கண்ணாடி மேல் தொட்டில் போல ஆடியது.

காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒடுகத்தூர் பாத்திரக் கடைக்குப் போனேன். கடைக்காரர் காட்டிய ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தேன்.

"இன்னாண்ணா, பாத்திரம் வாங்க வந்தியா, ஆணி பொறுக்க வந்தியா?" என்றார். கடையே சிரித்தது. கரண்ட் அடுப்புக்கு ஆகும் என்று அவர் சத்தியம் செய்த நாலில் காந்தம் ஒட்டவில்லை. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அடி தட்டையான, கனமான ஒரு ஸ்டீல் பாத்திரத்தில் டக்கென்று ஒட்டியது. அதை வாங்கிவந்தேன்.

இனி என் மடத்தனம். எங்கள் பக்கம் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுமுன் அடியில் செம்மண் குழைத்துப் பூசுவோம். கழுவும்போது கரி மண்ணோடு போய்விடும். புதுப் பாத்திரமாயிற்றே என்று தாராளமாகப் பூசி வைத்தேன். சாமைச் சோறு வெந்தது. மண்ணும் காய்ந்து கண்ணாடியில் அப்பிக்கொண்டது.

"பொகையே இல்லாத அடுப்புல கரி எங்கருந்துய்யா வரும்?" என்றாள். அவள் சிரிப்பு இருமலில் முடிந்தது.

இது மச்சான் காதுக்குப் போனது. போகிற விருந்தில் எல்லாம், "எங்க மாமா கரண்ட்டு அடுப்புக்கே மண்ணு பூசனவரு" என்று சொல்லிச் சிரிக்கவைப்பான். அலுமினியத்தை மட்டும் மறந்துவிடுவான்.

புகையில்லாமல் ஆறு மாதம் போனது. போன வாரம் ஒரு காதுகுத்து விருந்தில் மறுபடி ஆரம்பித்தான். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். பரிமாறிக்கொண்டிருந்த அவள் நிமிர்ந்தாள்.

"எங்க வூட்டுக்காரரு மண்ணு பூசனாரு, சோறு வெந்துச்சுடா. நீ வாங்கியாந்த மூணுல தண்ணியாவது சுட்டுச்சா? கரண்ட்டு வீக்குன்னியே, உன் தலைக்கு மேல சுத்துன ஃபேனு காத்துலயா சுத்துச்சு? அந்த மூணுலயும் இப்ப கோழிங்கதான் தண்ணி குடிக்குது, போய்ப் பாரு!"

நடுவில் ஒரு தடவைகூட அவள் இருமவில்லை.

கார்த்திகை ஒன்பது, செவ்வாய்க்கிழமை.