அலுமாரிக்குள் பென்குயின்

பென்குயின் குஞ்சு எப்படி வளர்கிறது என்று சொல்லும் படப்புத்தகம் ஒன்று, வெளிநாட்டு அன்பளிப்பாக விசுவமடுவில் என் மகளின் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. ரீச்சர் உடனே அதை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். கொடுத்தவர்கள் வரும் நாளில் மட்டும் வெளியே எடுப்பார். தகப்பன் பென்குயின் முட்டையைக் காலில் வைத்து அடைகாக்கும் பக்கத்தை விரித்து, மகளின் கையில் கொடுத்துப் படம் பிடிப்பார்கள்.

"அம்மா, குஞ்சு பொரிச்சிட்டுதோ?" என்று வீட்டுக்கு வந்து மகள் கேட்டாள். நான் போய் ரீச்சரிடம் புத்தகத்தைக் கேட்டேன்.

"பிள்ளையளிட்டக் குடுத்தா ஊத்தையாக்கிப் போடுவினம். பிறகு வாற ஆக்களுக்கு எதைக் காட்டுறது, சொல்லுங்கோ?"

மகளுக்குப் பாற்பல் விழுந்து புதுப்பல் முளைத்தும்விட்டது. போன கிழமையும் வந்து படம் பிடித்தார்கள். வேறு பிள்ளை, அதே பக்கம். புத்தகத்தில் ஒரு விரல் அடையாளம்கூட இல்லை. குஞ்சு இன்னும் முட்டைக்குள்தான் கிடக்கிறது.