இடுப்பு வலி வியாழக்கிழமைகள்

என் கணினியில் ஒரு ஒலிக்கோப்பு இருக்கிறது. பதினோரு நிமிடம் ஓடும். முழுக்க என் குரல்தான். "அக்கா", "எங்கக்கா", "அக்காவும் நானும்", "அக்கா சொன்னா", மறுபடியும் "அக்கா". வேறு ஒன்றும் கிடையாது. வெட்டி எடுத்த துண்டுகளைத் தூக்கி எறியாமல் ஓரமாகச் சேர்த்து வைப்பது எங்கள் தொழிலில் உள்ள பழக்கம். அப்படிச் சேர்ந்தது இது. சந்தைக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை கூப்பிடுகிற மாதிரி இருக்கும். கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

பெரம்பலூரில் ஒரு மாடி அறையில் நடக்கும் சின்ன வானொலிக்கு நான் தயாரிப்பாளர். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். எழுதுவது, பேசுவது, வெட்டி ஒட்டுவது, ஏசியில் தண்ணீர் சொட்டினால் வாளி வைப்பது எல்லாம் நான்தான். சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு என் வாழ்க்கையில் நடந்த கதை ஒன்றைச் சொல்வேன். அது முடிந்ததும் நேயர்கள் போனில் பேசுவார்கள். செல்போனிலேயே கேட்கலாம் என்று வந்த பிறகு அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கமெல்லாம் கேட்க ஆரம்பித்தார்கள். வினையே அங்கேதான் வந்தது.

அக்காவை ஜெயங்கொண்டம் பக்கம் வரதராஜன்பேட்டையில் முந்திரி வியாபாரம் செய்யும் குடும்பத்தில் கொடுத்திருந்தது. கல்யாணமான புதிதில் அவளுக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. நான் அப்போது எங்கள் ஊர் விக்கிரமங்கலத்திலிருந்து அரியலூர் கல்லூரிக்கு வந்து போய்க்கொண்டிருந்தேன். இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை, "இடுப்பு வலி, அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரேன்" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவாள். ஆஸ்பத்திரி வாசலை ஒருநாளும் மிதித்ததில்லை. பஸ் ஸ்டாண்டு சிமென்ட் பெஞ்சில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்போம். ஆளுக்கொரு டீ, ஒரு தேங்காய் பன்னில் பாதிப் பாதி. பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டோம். என் பின்னலை அவிழ்த்து மறுபடியும் பின்னிவிடுவாள். "காலேஜுக்குப் போற லட்சணமாடி இது?" என்று மண்டையில் ஒரு குட்டு. அவளுக்குப் பிள்ளை பிறக்கும் வரைக்கும் அந்த இடுப்பு வலி தீரவே இல்லை.

நான்கு வருடத்துக்கு முன்னால் இதை வானொலியில் சொன்னேன். நான் சொன்னதிலேயே நல்ல கதை அதுதான், இப்போதும் சொல்வேன். ஆனால் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கதைதானே என்று நினைத்துவிட்டேன். எனக்கு நாலு அறை விட்டிருக்க வேண்டும். அக்கா வீட்டில் முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்கள் என் நிகழ்ச்சியைப் போட்டுவிட்டுத்தான் வேலை பார்ப்பார்கள். "நம்ம வூட்டு மருமவளோட தங்கச்சி பேசுது" என்று அவர்களுக்குப் பெருமை வேறு. மாமியாரும் அவர்களோடுதான் உட்கார்ந்திருந்தார். கதை முடிந்ததும் அத்தனை பேர் முன்னாலும் அக்காவைப் பார்த்துக் கேட்டாராம்: "ஏம்மா, இடுப்பு இப்ப எப்படி இருக்கு? பஸ் ஸ்டாண்டு டாக்டரு என்ன சொன்னாரு?"

அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகப் பேசினாள்.

"உனக்குக் கதை கெடைக்கலன்னா என்னையாடி விக்கணும்? இருவது வருசமா இந்த வூட்டுல சம்பாரிச்ச பேரு ஒரு மத்தியானத்துல போயிடுச்சு. இனிமே ரேடியோல என் பேச்ச எடுத்தீன்னா, நீ யாரோ நான் யாரோ."

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. எடுக்க மாட்டேன் போ என்று, மறு ஒலிபரப்புக்கு வைத்திருந்த பழைய பதிவுகளை எல்லாம் திறந்து, ஒவ்வொரு அக்காவாக வெட்டினேன். புதுக் கதைகளிலும் அவள் இல்லை. எனக்கு முதன்முதலில் சேலை கட்டிவிட்டது அவள். கதையில் நானே கட்டிக்கொண்டேன். ஏரியில் மூழ்கப்போன என்னை முடியைப் பிடித்து இழுத்தது அவள். கதையில் யாரோ ஒரு புண்ணியவதி இழுத்தாள். ஒருநாள் ஒரு நேயர் அம்மா போனில், "கூடப் பொறந்தவங்க யாருமில்லையா கண்ணு? ரொம்பத் தனியா வளந்திருக்கியே" என்று பரிதாபப்பட்டார். அவசரமாக ஒரு பாட்டைப் போட்டேன்.

நேரிலும் ஒருமுறை போனேன். காபி கொடுத்தாள், முறுக்கு வைத்தாள், கொட்டை உடைக்கிற இடத்துக்குப் போனவள் திரும்பி வரவே இல்லை. முறுக்கை வெறித்துப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு பஸ் ஏறினேன். அதன் பிறகு என் போனையும் எடுப்பதில்லை. வியாழக்கிழமையில் அரியலூர் வழியாகப் போக நேர்ந்தால் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீ குடிப்பேன். ஜெயங்கொண்டம் பஸ் வந்தால் இறங்குகிறவர்களைக் கடைசி ஆள் வரை பார்ப்பேன். வரமாட்டாள் என்று தெரியும். ஆனாலும் பார்ப்பேன்.

போன மாதம் ரஞ்சன்குடி கோட்டைக்குப் போன கதையைச் சொன்னேன். சின்ன வயதில் போனது. செருப்பு அறுந்து, கொதிக்கிற கல்லில் வெறுங்காலோடு நான் குதித்துக் குதித்து இறங்கினேன் என்று சொன்னேன். அறுந்தது என் செருப்புதான். ஆனால் தன் செருப்பை எனக்குப் போட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்கியது அக்கா.

முதல் போன் வந்தது.

"வணக்கம்ங்க. வரதராஜன்பேட்டையிலேருந்து பேசுறேன். கதையில ஒரு தப்பு இருக்குங்க."

அவள்தான். நேரலையில் பேசாமல் இருக்க முடியாதே. "சொல்லுங்கம்மா" என்றேன்.

"உங்க காலு சுடலீங்க. சுட்டது உங்கக்கா காலு. மூணு நாளு கொப்புளம். அவள எங்க விட்டுட்டு வந்தீங்க?"

"அவங்க பேச்ச எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கம்மா."

"கோவத்துல சொல்லுவா. நாலு வருசமா அப்படியேவா இருப்பீங்க? இன்னிக்காவது வருவாளா, இன்னிக்காவது வருவாளான்னு ஒவ்வொரு சனிக்கெழமையும் ஒக்காந்து கேக்குறேன். ஒரு கதையிலயும் என்னக் காணும்."

பின்னால் கொட்டை உடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றுபோனது. அத்தனை பேரும், மாமியார் உட்பட, கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று புரிந்தது.

அக்கா குரலை உயர்த்தினாள். "எனக்கு இடுப்பு வலி. வர்ற வியாழக்கெழம அரியலூர் ஆஸ்பத்திரிக்கு வரேன். தலை பின்னாம வாடி."

"சரிக்கா" என்றேன். மறு ஒலிபரப்பிலும் அதை நான் வெட்டவில்லை.