எங்கட மலையும் நம்மட சனத்தொகையும்

டென்மார்க்கில் நான் முதன்முதலில் ஏறிய மலையை, ஏறி முடித்த பிறகுதான் தேடத் தொடங்கினேன்.

எண்பத்தைந்தாம் ஆண்டு, செப்டெம்பர் கடைசி. யூலண்ட் குடாநாட்டின் நடுவில், விபோர்க் பட்டினத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு தரம் மட்டும் பஸ் போகும் ஒரு சின்ன ஊர். நானும் என்னோடு ஒரே வீட்டில் இருந்த மட்டக்களப்புக்காரனும் இரவல் சைக்கிள்களில் வெளிக்கிட்டோம். கொம்யூனின் வரைபடத்தில் ஊருக்குத் தெற்கே ஒரு மலை போட்டிருந்தது. கொம்யூன் என்றால் எங்கள் பட்டினசபை மாதிரி ஒன்று. ஆனால் அதற்குள் காடு, வயல், பன்றி எல்லாம் அடக்கம். அந்த மலையின் பெயரிலேயே மலை என்ற சொல் இருந்ததால் நான் தடித்த ஸ்வெட்டர் போட்டு, தண்ணீர்ப் போத்தலும் கொண்டு போனேன்.

முக்கால் மணி நேரம் மிதித்தோம். இரண்டு பக்கமும் அறுத்து முடிந்த வயல்கள், இடைக்கிடை ஊசியிலை மரங்கள், முகத்தில் அடிக்கிற காற்று. ஓரிடத்தில் பெடல் கொஞ்சம் இறுகினது போல இருந்தது. சங்கிலிக்கு எண்ணெய் காணாது என்று நினைத்தேன். அந்த இடத்தில் நாயோடு நின்ற ஒரு கிழவரிடம் இறங்கி, மலை எங்கே என்று டெனிஷில் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், பிறகு பூட்ஸ் காலால் நிலத்தில் இரண்டு தரம் தட்டினார்.

"என்னவாம்?" என்றான் மட்டக்களப்பான்.

"அதுக்கு மேலதான் நிக்கிறமாம்."

"அப்ப கெதியா இறங்குவம் மச்சான். எனக்கு உயரம் எண்டா தலை சுத்தும்."

மலையைத் தேடிப் போனது விளையாட்டுக்கு இல்லை. நாங்கள் எட்டுப் பேர் அந்த ஊரின் பழைய பள்ளிக்கூடத்தில் குடியிருந்தோம். பிள்ளைகள் குறைந்து மூடின பள்ளிக்கூடம். ஊர் மண்டபத்துக் கமிட்டிக்குச் சொந்தம். அகதிகளைப் பொறுப்பெடுத்த சங்கம் அதை எங்களுக்காக ஒக்டோபர் முடியும் வரை வாடகைக்கு எடுத்திருந்தது. அதற்குப் பிறகு கமிட்டி நீட்டித் தந்தால் இருக்கலாம். இல்லையென்றால் எங்கெங்கே கட்டில் காலியோ அங்கங்கே: இரண்டு பேர் இஷொய்க்கு, ஒருவர் கிரின்ஸ்டெட்டுக்கு, மிச்சப் பேர் கடவுளுக்குத்தான் தெரியும். எட்டுப் பேரும் எட்டு வழியால் வந்து, ஒரே சோற்றுப் பானையைச் சுற்றி இருந்து இருந்து ஒரு குடும்பமாகிப் போயிருந்தோம். பெருந்தன்மையாக இப்படி எழுதினாலும் உண்மை வேறு. எட்டுப் பேரில் சோற்றைக் குழையவிடாமல் வடிக்கத் தெரிந்தவன் மட்டக்களப்பான் ஒருவன்தான். அவனை இஷொய்க்கு அனுப்பினால் நான் யாரிடம் போய்ச் சாப்பிடுவது?

அந்த நேரத்தில்தான் எங்களுக்கு டெனிஷ் படிப்பித்த ஆசிரியை வகுப்பு முடிய என்னை மறித்தா. டெனிஷில் குழந்தைக்கும் மந்திரிக்கும் ஒரே மாதிரித்தான் கதைப்பார்கள் என்று கேள்வி. நான் மரியாதை சேர்த்து எங்கட தமிழில் போடுகிறேன்.

"வாற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, மூண்டு மணிக்கு மண்டபத்தில கோப்பி. ஊரே வரும். நீங்கள் எழும்பி உங்கட பகுதியைப் பற்றி ஒரு பத்து நிமிசம் கதையுங்கோ. நிலம் எப்பிடி, சனம் எவ்வளவு, அந்த மாதிரி. அதுக்குப் பிறகு கமிட்டி இருந்து வீட்டு விசயத்தைக் கதைக்கும்."

"ஓம்" என்றேன். அந்தக் காலத்தில் விளங்கினாலும் ஓம், விளங்காவிட்டாலும் ஓம். அன்றைக்கு விளங்கினது என்றுதான் நினைத்தேன். ஒன்பது மாதமாக அவ எங்களைக் கேட்ட முதல் கேள்வி, நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்பது. ஒன்பது மாதமாக நாங்கள் பாடமாக்கின முதல் பதில், இந்த ஊரின் பெயர். அப்படியானால் உங்கட பகுதி என்றால் எது? மூளை உள்ள எவனுக்கும் சந்தேகம் வராது. எனக்கும் வரவில்லை.

வந்தது பயம்தான். வேறு ஆட்களுக்குப் பயம் வந்தால் முகம் வெளிறும். எனக்கு அறிவு வளரும். கொம்யூன் கந்தோருக்குப் போய், ஊரைப் பற்றிய இலவசக் கையேட்டை எடுத்துக்கொண்டு வந்து முழுவதையும் பாடமாக்கத் தொடங்கினேன். அதில் ஒவ்வொரு வசனமும் "எங்கள்" என்று தொடங்கியது. எங்கள் ஆறு, எங்கள் மலை, எங்கள் மணல் நிலம். கொம்யூன் தன்னைப் பற்றித் தானே பெருமையாக எழுதினது. ஒரு சொல்லை மாற்றினால் இலக்கணம் குலைந்துவிடும் என்ற பயத்தில் நான் ஒன்றையும் மாற்றவில்லை. மலையை மட்டும் ஒருக்கால் நேரில் பார்த்துவிடுவோம் என்றுதான் சைக்கிளில் போனது.

பேசிப் பழக ஆள் வேண்டுமே. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வேலிக்கு அந்தப் பக்கம் இளம் பசுக்கள் மேய்ந்தன. நான் வாயைத் திறந்ததும் பதினைந்தும் ஓடி வந்து, வேலியோடு வரிசையாக நின்று, கண் வெட்டாமல் கேட்டன. என் வாழ்க்கையில் அப்படி ஒரு சபை பிறகு கிடைத்ததில்லை.

பசுக்களுக்கு முன்னாலும் நான் தடக்கி விழுந்த ஓர் இடம் இருந்தது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் எங்கள் ஊரின் சனத்தொகை இருநூற்றுத் தொண்ணூற்றேழு என்று போட்டிருந்தது. டெனிஷில் தொண்ணூறைத் தொண்ணூறு என்று சொல்லமாட்டார்கள். நாலு இருபது, பிறகு ஐந்தாவது இருபதில் பாதி. அதைச் சுருக்கி 'ஹல்ஃபெம்ஸ்'. ஏழு என்பதை அதற்கு முன்னால் கொண்டுபோய் வைக்கவேண்டும். ஒருவர் செத்தால் ஆறு, ஒருவர் பிறந்தால் எட்டு, என்ன நடந்தாலும் அந்தப் பாதி இருபது என்னை விடாது.

"இதென்ன எண்ணுறதோ, இல்லாட்டி விடுகதையோ" என்று குசினியில் நின்று புறுபுறுத்தேன்.

மட்டக்களப்பான் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றான். "நம்மட தொண்ணூறு மட்டும் என்ன திறமே? எழுபது, எண்பது எண்டு ஒழுங்கா வந்திச்சி. அடுத்தது ஒன்பதோட ஒரு பதுவும் சேர்ந்தெல்லோ வரோணும்? அது நூறுக்குள்ள போய் ஒளிச்சிக்கிட்டு இரிக்கு. ஆரும் கேட்டாங்களா?"

இருபத்தெட்டு வயது வரைக்கும் தொண்ணூறு என்று சொல்லி வாழ்ந்தவன், அதற்குள் நூறு நிற்பதைக் காணவில்லை.

"வெங்காயத்தை வெட்டு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மண்டபத்தில் நீட்டு மேசைகள், வெள்ளைக் கடதாசி விரிப்பு, ஏழு வகைக் கேக். எங்கள் பொடியள் எட்டுப் பேரும் தலைக்கு எண்ணெய் வைத்து, ஒரே வரிசையில், விசாவுக்குப் படம் எடுக்கிற முகத்தோடு இருந்தோம். நான் வேளைக்கே போய், பள்ளிக்கூடம் மூடினபோது அங்கே கொண்டுவந்து மாட்டின கரும்பலகையில், ஊரின் படத்தை வடிவாகக் கீறி வைத்திருந்தேன். தேவாலயம், கூட்டுறவுக் கடை, ஆறு, மலை. மலையைக் கொஞ்சம் உயர்த்தித்தான் கீறினேன். ஆட்களைச் சந்தோசப்படுத்தவேண்டும் அல்லவா.

வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பலகையைப் பார்த்து, பக்கத்தில் இருந்தவர்களோடு குசுகுசுத்தார்கள். மெச்சுகிறார்கள் என்று நினைத்தேன்.

பாட்டுப் புத்தகத்தில் இரண்டு பாட்டுப் பாடி முடிய, கமிட்டித் தலைவர் எழும்பினார். பன்றி வளர்ப்பவர், கோப்பிக் கோப்பை அவர் கைக்குள் முட்டை மாதிரித் தெரியும். அவர் மெதுவாக, எனக்கும் விளங்கட்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"எங்களில ஒருத்தரும் காணாத ஒரு தூர தேசத்தைப் பற்றி இண்டைக்குக் கேக்கப்போறம். இவர் தங்கட பகுதியைப் பற்றிச் சொல்லுவார்."

தூரம் என்ற சொல் எனக்குத் தெரியும். பஸ் பாடத்தில் வந்தது. நான் பலகையைத் திரும்பிப் பார்த்தேன். அதில் இருந்த தேவாலயம் யன்னலுக்கு வெளியிலும் நின்றது. ஆசிரியையைப் பார்த்தேன். அவ வாயில் கேக் துண்டோடு, கண்ணை மூடிக்கொண்டு இருந்தா.

அவ கேட்டது நான் பிறந்து வளர்ந்த இடத்தை. யாழ்ப்பாணத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு டெனிஷில் இருந்தது மூன்று வசனம். அதில் ஒன்று, வெயில் என்பது. வீடு போகப்போகிறது, எட்டுப் பேரும் எட்டுத் திக்கு, எனக்கு இனிக் காலம் முழுக்கக் குழைந்த சோறு. கால்கள் கதவைப் பார்த்துத் திரும்பின. ஆனால் கதவுப் பக்கம் கோப்பிக் கேத்தலோடு இரண்டு அம்மாமார் மறித்து நின்றார்கள். வேறு வழியில்லை. பாடமாக்கினதை அவிழ்த்தேன்.

"எங்கள் பகுதி தட்டையானது" என்றேன். ஒருவரும் மறுக்கவில்லை.

"எங்கள் நிலம் மணல் நிலம். எங்கள் காற்று மேற்கிலிருந்து வருகிறது. எங்கள் ஆறு சிறியது, ஆனால் அழகானது." இந்த இடத்தில் என் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. டெனிஷில் ஆற்றுக்கு ஒரே ஓர் எழுத்துத்தான். எங்கள் ஆற்றுக்கு அதுவே அதிகம். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஆறே இல்லை. ஆற்றைக் கண்டால் உருகிப்போகிற சாதி நாங்கள்.

"எங்கள் மலை" என்று தொடங்கினேன். சபையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

"அது உண்மை" என்று பின்வரிசையில் இருந்து ஒரு குரல். நாயோடு நின்ற அதே கிழவர். முப்பத்தைந்து வருசம் ஊரின் தபால்காரராக இருந்தவர் என்று பிறகு அறிந்தேன். "அவர் அதில நிண்டதை நான் கண்டனான். தண்ணிப் போத்தலும் கொண்டு வந்தவர்."

இப்போது மண்டபம் முழுக்கச் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. தலைவர் மட்டும் சிரிக்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் நான் இன்னும் பயந்து, இன்னும் வேகமாக ஓடினேன். "எங்கள் பகுதியில் மனிதரைவிடப் பன்றிகள் அதிகம்" என்றதும் அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. அப்போதுதான் தெரிந்தது, மனிதர் இவ்வளவு நேரமும் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறார்.

கடைசியில் சனத்தொகை. "இருநூற்று" என்றேன். ஏழு வந்தது. பாதி இருபது வரவில்லை. திரும்ப இருநூறு, திரும்ப ஏழு. பேசாமல் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துப் பலகையில் 297 என்று எழுதினேன்.

"பிழை" என்றார் தபால்காரர்.

அவர் எழும்பி, முழங்காலைப் பிடித்துப் பிடித்து, பலகைக்கு வந்தார். "அது பழைய கணக்கு. கொல்லர் வைகாசியில செத்துப்போனார். ஒண்டைக் கழி."

"கடைக்காரற்ற மகள் ஓஹூஸுக்குப் படிக்கப் போட்டாள்" என்றா கேத்தல் வைத்திருந்த அம்மா.

"அவள் சனி ஞாயிறு வாறவள்தானே?"

"ஊத்தை உடுப்பைக் கொண்டு வாறவள். அது கணக்கில வராது."

"தலைவருக்குப் பேரப்பிள்ளை" என்று இன்னொருவர். தலைவர் பெருமையாக ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். நான் அழித்து அழித்து எழுதினேன். இருநூற்றுத் தொண்ணூற்றாறு. பாதி இருபது அசையவில்லை.

தபால்காரர் எங்கள் வரிசையைப் பார்த்தார். தபால் எண்ணுகிற மாதிரி விரலால் ஒன்று, இரண்டு என்று எண்ணி, கடைசியாகப் பலகையடியில் நின்ற என் பக்கம் விரலை நீட்டினார். "எட்டு" என்றார். "எட்டைக் கூட்டு."

நான் எழுதினேன். 304.

"முந்நூறோ?" என்று யாரோ கேட்டார்கள். பால் தொழிற்சாலை மூடின நாளிலிருந்து ஊர் முந்நூறைத் தொடவில்லை என்று ஆசிரியை பிறகு சொன்னா.

தலைவர் தொண்டையைச் செருமினார். "அந்த எட்டு ஒக்டோபர் முடியும் வரைக்கும்தான். கமிட்டி இன்னும் இருந்து கதைக்கேல்லை."

எங்களில் டெனிஷ் ஏறாத பொடியனுக்குக்கூட ஒக்டோபர் விளங்கியது.

தபால்காரர் சுண்ணாம்புக் கட்டியை என் கையிலிருந்து வாங்கி, தட்டில் வைத்தார். "ஒக்டோபர் முடிய நான் திரும்ப இந்த முழங்காலோட வந்து கழிக்கமாட்டன். இப்ப கூட்டினது கூட்டினதுதான்."

தலைவர் சபையைப் பார்த்தார். சபை கேக்கைப் பார்த்தது. கமிட்டியில் இருந்த மற்ற நாலு பேரையும் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒருவர் தோளைத் தூக்கினார், ஒருவர் தலையாட்டினார், ஒருவர் கோப்பி கேட்டார்.

"அப்ப விடுங்கோ" என்றார் தலைவர். "கூரையில இரண்டு ஓடு மாத்தவேணும். அதை நான் பார்க்கிறன்."

வீட்டுக்கு நடந்து வரும்போது மட்டக்களப்பான் என் பக்கத்தில் வந்தான். "மச்சான், நீ எல்லாத்துக்கும் முன்னால ஒரு சொல்லு சொன்னியே, எங்கள் எங்கள் எண்டு. அது எங்கடயா, நம்மடயா? கேட்டுக்கிட்டு இருந்தவங்களையும் சேர்த்தா, சேர்க்காமலா?"

"டெனிஷில ரெண்டுக்கும் ஒரே சொல்லுத்தான்."

"அதாலதான் நீ தப்பினாய்" என்றான். போய் அரிசியைக் களைந்தான்.

அடுத்த நாள் காலை, பாண் வெட்டிக்கொண்டிருக்கும்போது கதவில் தட்டுக் கேட்டது. தபால்காரர், நாய், இரண்டு பேரும் வாசலில். அவர் உள்ளே வரவில்லை. என்னை வெளியே கூப்பிட்டு, குரலைத் தணித்தார். முகம் வெளிறி இருந்தது.

"பிழை விட்டிட்டன். தேவாலயத்துக்குப் பக்கத்து விதவை மனிசி, அவ சித்திரையில விபோர்க்கில வயோதிபர் மடத்துக்குப் போட்டா. நான் கழிக்கேல்லை. இரவு முழுக்க நித்திரை இல்லை. முந்நூற்று மூண்டுதான். தலைவரிட்டச் சொல்லவேணுமோ?"

இந்தப் பயப்படுகிற தொழிலில் எனக்கு அனுபவம் உண்டு; ஒரு தொழிலாளியை இன்னொரு தொழிலாளிக்குத் தெரியும். தோளில் கை வைத்தேன்.

"முந்நூற்று மூண்டும் முந்நூறுக்கு மேலதானே" என்று, எனக்குத் தெரிந்த டெனிஷ் எல்லாவற்றையும் திரட்டிச் சொன்னேன். "சொல்லாதேங்கோ. தேத்தண்ணி குடிப்பம்."

"சீனி போடாமல்" என்றார், நாயைக் கதவோடு கட்டிவிட்டு.